டிகிரி முடிச்சுட்டு சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கணுமா? நீலகிரியிலிருந்து தேடுறவங்களுக்கு

டிகிரி முடிச்சுட்டு ஆடியோ பக்கம் போகலாம்னு நினைக்கிற நம்ம மலை ஆளுங்களுக்காக இதை எழுதுறேன். ஊட்டியில உக்காந்துக்கிட்டு போன்ல "பக்கத்துல ஆடியோ இன்ஜினியரிங் கோர்ஸ்"னு தேடுனா வர்றதுல பாதிக்கு மேல விளம்பரம்தான், அதுல நம்பரைக் குடுத்துட்டீங்கன்னா கவுன்சிலர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூப்பிட்டு "இன்னைக்குள்ள கட்டுனா இருபது பர்சன்ட் ஆஃபர்"ம்பாங்க. எந்த அவசரமும் இல்ல, அந்த ஆஃபர் அடுத்த மாசமும் இருக்கும்.

நான் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதுல முக்கியமானதை முதல்லயே சொல்லிடுறேன். எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல கேக்க வேண்டியது ஒரே கேள்விதான்: ஒரு ஸ்டூடண்ட்டை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கன்சோல் (சத்தங்களைக் கலக்குற மிக்ஸிங் மேசை) முன்னாடி தனியா உக்கார விடுவீங்க? இதுக்கு நேரா பதில் சொல்றவங்ககிட்ட மேற்கொண்டு பேசுங்க. கட்டிடம், ஏசி, சுவத்துல மாட்டியிருக்கிற பிரபலங்களோட போட்டோ இதெல்லாம் பாத்து மயங்க வேண்டாம்.

1. எந்த சவுண்டுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஆடியோன்னா ஒரே வேலை இல்ல. மேடைக் கச்சேரி, கல்யாணம், மாநாடு இதுக்கு மிக்ஸ் பண்றது லைவ் சவுண்ட். பாட்டு ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் ஸ்டுடியோ வேலை. சினிமா, வெப் சீரிஸ்க்கு டப்பிங், ஃபோலி (காலடி மாதிரி சத்தத்தைத் தனியா உண்டாக்கிப் பதியறது), எஃபெக்ட்ஸ், ஃபைனல் மிக்ஸ் பண்றது போஸ்ட் புரொடக்ஷன், ஷூட்டிங் ஸ்பாட்லயே வசனத்தைப் பிடிக்கிறது லொகேஷன் சவுண்ட். இது போக ரேடியோ, பாட்காஸ்ட், ஆடியோ புக்.

லைவ் சவுண்ட் வேணும்கிறவர் நாலு லட்சம் கட்டி சினிமா மிக்ஸிங் கோர்ஸ்ல சேர்ந்தா பணம் வீண். அதே மாதிரி போஸ்ட் புரொடக்ஷன் பக்கம் போகணும்னா சின்ன ஊர்ல மூணு மாச சர்டிஃபிகேட் வாங்கி ஒண்ணும் ஆகாது, சென்னை இல்லேன்னா கொச்சி போய்த்தான் ஆகணும். உங்களால ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேபிள் சுத்த முடியுமா, இல்ல இருட்டு ரூம்ல ஒரே டயலாக்கை நாப்பது தடவை கேக்க முடியுமா, அதை வச்சு முடிவு பண்ணுங்க.

2. பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்க

டிகிரி எதுல வாங்கியிருந்தாலும் பரவாயில்ல, ஆனா பிளஸ் டூல இயற்பியல் இருந்துச்சாங்கிறதுதான் அரசாங்க நிறுவனங்கள்ல கேள்வி. புனே எஃப்.டி.ஐ.ஐ. (மத்திய அரசோட திரைப்பட நிறுவனம்), கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம் ரெண்டுலயும் டிகிரி முடிச்சவங்களுக்கு மூணு வருஷ சவுண்ட் படிப்பு இருக்கு. பி.காம், பி.ஏ. எதுவானாலும் எடுத்துக்குவாங்க, பிளஸ் டூல இயற்பியல் மட்டும் இருக்கணும். நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்காணல்னு ரவுண்டு ரவுண்டா போகும், சீட்டும் ரொம்பக் கம்மி. இருந்தாலும் தகுதி இருந்தா ஒரு தடவை எழுதிப் பாத்துடுங்க, அங்க கிடைக்கிற கருவியும் நேரமும் எந்தத் தனியார் இடத்துலயும் கிடைக்காது.

சென்னை தரமணியில இருக்கிற எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்துல ஒலிப்பதிவுக்குத் தனிப் பாடப்பிரிவு இருக்கு, கட்டணம் தனியாரோட ஒப்பிட்டா சொற்பம். ஆனா அது பிளஸ் டூக்கு அப்புறம் படிக்கிற நாலு வருஷ இளங்கலை, வயசு வரம்பு வேற இருக்கு. ஏற்கனவே மூணு வருஷம் படிச்சவங்க மறுபடி நாலு வருஷமான்னு யோசிப்பாங்க, நியாயம்தான். வயசு இன்னும் இருந்து வீட்டுல காசு இல்லேன்னா நான் அதைத்தான் சொல்லுவேன்.

காமர்ஸ் குரூப் எடுத்தவங்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கு, தனியார் டிப்ளமாதான் வழி. அதுக்காக இடிஞ்சு போக வேண்டாம், வேலை கேக்கிற இடத்துல பிளஸ் டூ குரூப்பை யாரும் கேக்க மாட்டாங்க.

3. மலை மேலயே கத்துக்கிறதை முதல்ல கத்துக்குங்க

நீலகிரியில முழுநேர ஆடியோ இன்ஜினியரிங் காலேஜ்னு ஒண்ணை நம்பி உக்காராதீங்க. ஆனா கோர்ஸ்ல சேர்றதுக்கு முந்தி மூணு நாலு மாசம் இங்கயே வேலை பழக இடம் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல.

முதல் இடம் உங்க ஊர் சவுண்ட் சர்வீஸ். மைக் செட் கடைன்னு ஏளனமா பாக்காதீங்க. ஹெத்தை ஹப்பா (படுகர் திருவிழா), சர்ச் கன்வென்ஷன், மாரியம்மன் திருவிழா, மே மாசம் கோடை விழான்னு வருஷம் பூரா வேலை இருக்கும். சம்பளம் கேக்காம "அண்ணா, கூட வர்றேன்"னு சொன்னா பெரும்பாலும் கூட்டிட்டுப் போவாங்க. கேபிளை முறுக்கில்லாம எப்படிச் சுத்தறது, மைக் கேபிளோட எக்ஸ்.எல்.ஆர். பின் விட்டுப் போனா எப்படி சால்டர் வைக்கிறது, ஜெனரேட்டர் மாத்தும்போது ஆம்ப்ளிஃபயரை எந்த வரிசையில ஆஃப் பண்றது, இதையெல்லாம் கோர்ஸ்ல ஒரு கிளாஸ்ல சொல்லி முடிச்சுடுவாங்க, இங்க கையில படியும். சர்ச் ஹால்ல பாஸ்டர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஸ்பீக்கர் முன்னாடி நடந்தா கீய்ய்னு கூவும் பாருங்க, அப்போ கூட்டம் மொத்தமும் திரும்பி உங்களைத்தான் பாக்கும், எந்த ஃப்ரீக்வென்சியைக் குறைக்கணும்னு அந்த ரெண்டு செகண்ட்ல கை தேடும். ஈக்யூ (ஃப்ரீக்வென்சியைக் கூட்டிக் குறைக்கிறது) பாடம்னா அதுதான்.

ரெண்டாவது, ரேடியோ. உதகையில ஆகாசவாணி நிலையம் இருக்கு, கோத்தகிரியில ரேடியோ கோத்தகிரின்னு சமுதாய வானொலி இருக்கு. சமுதாய வானொலியில உள்ளூர் ஆளுங்க வந்து ரெக்கார்டிங், எடிட்டிங் பண்றதுதான் நோக்கமே, அதனால போய்க் கேக்கறதுல கூச்சம் வேண்டாம். மூணாவது, படுக பாட்டு ஆல்பம் பண்ற சின்ன ஸ்டுடியோக்கள். யார் பண்றாங்கன்னு பாடுறவங்களைக் கேட்டா தெரியும். பாதி வீட்டு ரூம்தான், ஆனா ஒரு பாட்டு ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் எப்படி ஆகுதுன்னு முழுசா பாக்கலாம்.

இந்த மூணு நாலு மாசத்துல "இது நமக்கு ஆகாது"ன்னு தோணுச்சுன்னா கூட நல்லதுதான், லட்சக்கணக்குல கட்டறதுக்கு முந்தியே தெரிஞ்சுடுச்சே.

4. எந்தப் பக்கம் இறங்கணும்

இது நீங்க மலையில எந்த மூலையில இருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரங்களுக்கு கோயம்புத்தூர்தான் பக்கம், ஊட்டியிலிருந்து பஸ்ல மூணு மூணரை மணி நேரம். கூடலூர், பந்தலூர் பக்கம்னா கணக்கு வேற, கோழிக்கோடும் மைசூரும் கூட அவங்களுக்குப் பக்கம்தான். ஆனா மைசூர் ரோட்டுல பந்திப்பூர் காட்டுக்குள்ள ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலையில ஆறு வரைக்கும் போக்குவரத்துத் தடை இருக்கு, சாயங்காலம் கிளாஸ் முடிச்சுட்டு அன்னைக்கே வீடு வந்து சேரலாம்னு கணக்குப் போடாதீங்க.

கோயம்புத்தூர்ல தனியார் அகாடமிங்க இருக்கு, பெரும்பாலும் மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். மியூசிக் புரொடக்ஷன், அடிப்படை மிக்ஸிங் இதுக்கு அது போதும். கலைக் கல்லூரிகள்ல விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன் முதுகலையும் இருக்கு, ஆனா அதுல சவுண்டுக்குன்னு ஒண்ணு ரெண்டு பேப்பர்தான் வரும். சிலபஸை வாங்கிப் பாக்காம "அதுலயும் ஆடியோ இருக்குல்ல"ன்னு சேர்ந்துடாதீங்க.

சென்னையில ஆடியோ சொல்லித் தர்ற எஸ்.ஏ.இ. நிறுவனம், 2008-ல ஏ.ஆர்.ரகுமான் ஆரம்பிச்ச கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். சென்னையில படிக்கிறதுல கூடுதல் லாபம் என்னன்னா வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டுடியோங்க ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இருக்கு, படிக்கும்போதே உள்ள போய் உதவிக்கு நிக்கலாம். கேரளா பக்கம் திருச்சூர் சேதனா ஸ்டுடியோவுல சவுண்ட் இன்ஜினியரிங் சொல்லித் தர்றாங்க, கோட்டயம் பக்கம் கே.ஆர்.நாராயணன் திரைப்பட நிறுவனம் அரசாங்கத்தோடது, அங்கயும் ஒலிப்பதிவு பிரிவு இருக்கு. மலையாளம் புரியற கூடலூர்க்காரங்க இந்த ரெண்டையும் விசாரிக்காம விடாதீங்க.

5. காகிதங்கள்

நம்ம மாவட்டத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்றதால இதுங்களை ரெடி பண்ணி வச்சுக்குங்க: ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல் சர்டிஃபிகேட், டி.சி., நடத்தைச் சான்று, பத்தாவது பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், போட்டோ. பட்டச் சான்றிதழ் பட்டமளிப்புக்கு அப்புறம்தான் கைக்கு வரும், அது வரைக்கும் புரொவிஷனல் போதும். வேற பல்கலைக்கழகத்துக்குப் போறீங்கன்னா மைக்ரேஷன் (பல்கலைக்கழகம் மாறுறதுக்கான சான்று) கேப்பாங்க, அதை மருதமலை ரோட்டுல இருக்கிற பல்கலைக்கழகத்துலதான் வாங்கணும். கோயம்புத்தூருக்கு அகாடமி பாக்கப் போற அன்னைக்கே இந்த வேலையையும் சேர்த்து வச்சுக்கிட்டா ஒரு நாள் பஸ் பயணம் மிச்சம். தனியார் டிப்ளமாவுக்கு மைக்ரேஷன் யாரும் கேக்கறதில்ல, தேவையில்லாம பணம் கட்டாதீங்க.

வருமானச் சான்று இ-சேவை மையத்துல போட்டா 60 ரூபாய், ஒரு வருஷம்தான் செல்லும், அதனால ரொம்ப முன்னாடி எடுத்து வைக்காதீங்க. பழங்குடிச் சான்று தாசில்தார் மட்டத்துல முடியாது, கோட்டாட்சியர்கிட்டயிருந்து வரணும், விசாரணையெல்லாம் இருக்கிறதால மாசக்கணக்குல இழுக்கும். அட்மிஷன் சமயத்துல ஓடாம இப்பவே மனு போட்டுடுங்க. முதல் பட்டதாரிச் சான்றைக் காட்டி தனியார் ஆடியோ டிப்ளமாவுல கட்டணம் குறைப்பாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்தச் சலுகை அதுக்கில்ல.

இன்னொண்ணு, ஒரிஜினலை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. "வெரிஃபிகேஷனுக்கு வச்சுட்டுப் போங்க"ம்பாங்க, காட்டிட்டுத் திரும்ப வாங்கிடுங்க. நடுவுல விலகணும்னா அதுதான் அவங்க கையில இருக்கிற பிடி. கல்லூரிங்க ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. தெளிவாவே சொல்லியிருக்கு, தனியார் அகாடமி யு.ஜி.சி.க்குள்ளயே வராததால நாமதான் உஷாரா இருக்கணும்.

6. நேர்ல போய்ப் பாருங்க, கிளாஸ் நடக்கிற நாளா பாத்துப் போங்க

ஞாயித்துக்கிழமை ஓப்பன் ஹவுஸ்னு கூப்பிடுவாங்க, போகாதீங்க. வார நாள்ல, முன்கூட்டி சொல்லாம, பதினோரு மணி வாக்குல போங்க. நான் போன ஒரு இடத்துல பெரிய கன்சோல் இருந்துச்சு, மேல கறுப்புத் துணி போத்தியிருந்துச்சு. சும்மா ஓரத்தைத் தூக்கிப் பாத்தா ஃபேடருக்கு நடுவுல தூசி படிஞ்சு கிடக்கு, மாஸ்டர் பக்கம் ஒரு நாப் கழண்டு காணோம். பக்கத்து ரூம்ல இருபத்தஞ்சு பசங்க ஹெட்போன் கூட இல்லாம புரொஜெக்டர்ல மவுஸ் நகர்றதைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பிராஸ்பெக்டஸ்ல அந்தக் கன்சோல்தான் அட்டைப் படம்.

அங்க போய்க் கேக்க வேண்டியது:

ஒரு பேட்ச்ல எத்தனை பேர்? பன்னெண்டு பேருக்கு மேல போனா கை வைக்க நேரம் கிடைக்காது. ஸ்டுடியோ புக்கிங் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்க, உண்மையிலேயே ஸ்டூடண்ட்டுக்கு நேரம் குடுக்கிற இடத்துல ஒரு நோட்டோ கூகுள் ஷீட்டோ கட்டாயம் இருக்கும், இந்த ஒண்ணைப் பாத்தா பாதி விஷயம் தெரிஞ்சுடும். புரோ டூல்ஸ் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) லைசென்ஸ் எத்தனை சிஸ்டத்துல இருக்கு, இல்ல கிராக் பண்ணதா? டிரம்ஸ், மிருதங்கம்னு உண்மையான வாத்தியத்தை வச்சு மல்டி டிராக் ரெக்கார்டிங் (ஒவ்வொண்ணையும் தனித்தனி டிராக்ல பதியறது) பண்ண வைப்பாங்களா, இல்ல ரெடிமேட் லூப்பை இழுத்துப் போட்டு முடிச்சுடுவாங்களா? லைவ் சவுண்டுன்னா டிஜிட்டல் மிக்சர் என்ன மாடல்? சொல்லித் தர்றவர் இப்பவும் வேலை பாக்கிறவரா, அவர் பேர் போட்ட வேலை எது?

வெளியில டீக்கடையில நிக்கிற ஸ்டூடண்ட்ஸ்கிட்ட பேசுங்க. ரிசப்ஷன்ல ஒரு மணி நேரம் சொல்றதை விட அவங்க அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. போன வருஷம் முடிச்சவங்க ரெண்டு பேர் நம்பர் கேளுங்க, "பாலிசி இல்ல"ன்னு மழுப்பினா புரிஞ்சுக்குங்க. "நூறு பர்சன்ட் ப்ளேஸ்மென்ட்"ங்கிற வார்த்தை காதுல விழுந்தாலே எந்திரிச்சுடலாம், இந்தத் தொழில்ல ப்ளேஸ்மென்ட்டுன்னு ஒண்ணு கிடையாது, ஒருத்தர் இன்னொருத்தரைக் கூட்டிட்டுப் போறதுதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழ்னு சொன்னா, பின்னாடி அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ காட்டணும்னா இந்தியப் படிப்புக்குச் சமம்னு சமநிலைச் சான்று கிடைக்குமான்னு கேளுங்க. உள்நாட்டுப் பல்கலைக்கழகம்னா யு.ஜி.சி. வெப்சைட்ல பேர் இருக்கான்னு தேடுங்க, போலிப் பல்கலைக்கழகப் பட்டியலும் அங்கயே இருக்கு.

7. பணம்

நான் விசாரிச்ச வரைக்கும் மூணு நாலு மாச கோர்ஸ் அரை லட்சத்தை ஒட்டியும், ஒரு வருஷ டிப்ளமா ஒரு லட்சத்துல ஆரம்பிச்சு பேர் பெருசா இருந்தா நாலஞ்சு லட்சம் வரைக்கும் போகுது. சொல்ற தொகை ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலான்னு அங்கயே கேட்டுடுங்க. பட்டம் தராத தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, மூணு லட்சம்னு சொன்னது பில் வரும்போது மூணு லட்சத்து ஐம்பத்து நாலாயிரம் ஆயிடும். தேர்வுக் கட்டணம், சர்டிஃபிகேட் கட்டணம், சாஃப்ட்வேர் கட்டணம்னு தனியா எதுவும் உண்டான்னும் கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. ரீஃபண்ட் விதியும் எழுத்துல வேணும்.

கல்விக் கடன் விஷயத்துல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. வித்யாலட்சுமின்னு அரசாங்கக் கல்விக் கடன் போர்ட்டல்ல போட்டா 4 லட்சம் வரைக்கும் நம்ம பங்குன்னு எதுவும் கட்ட வேண்டாம், 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்காம தர உத்தரவாதத் திட்டம் இருக்கு, எல்லாம் சரிதான், ஆனா படிப்பு அங்கீகாரம் பெற்றதா இருக்கணும். தனியார் அகாடமி டிப்ளமான்னா மேனேஜர் கையை விரிச்சுடுவார். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்குள்ள வர்ற கோர்ஸ்னா ஸ்கில் லோன்னு தனியா ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டுப் பாருங்க. அகாடமிகிட்ட அந்த அங்கீகாரக் கடிதத்தை வாங்கிட்டு அப்புறம் பேங்குக்குப் போங்க, வெறுங்கையோட போனா நாலு தடவை ஏறி இறங்கணும்.

பேங்க் கடன் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் ரிசப்ஷன்லயே ஒரு டேப்லெட்டை நீட்டி "வட்டியில்லா இ.எம்.ஐ., இங்க கையெழுத்துப் போடுங்க"ம்பாங்க. அது அகாடமி தர்ற தவணை கிடையாது, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல தர்ற கடன், முழுப் பணமும் அன்னைக்கே அகாடமிக்குப் போயிடும். ரெண்டாவது மாசம் நீங்க விலகினாலும் இ.எம்.ஐ. நிக்காது, கட்டலேன்னா சிபில் கெடும். தவணை வேணும்னா அகாடமிக்கே நேரா மூணு நாலு தவணையா கட்டறேன்னு கேளுங்க, ஒத்துக்கிற இடங்க இருக்கு.

தங்கற செலவையும் கணக்குல வைங்க. கோயம்புத்தூர்ல சாப்பாட்டோட ஹாஸ்டல் மாசம் ஆறேழாயிரம், சென்னையில வடபழனி பக்கம் எட்டுலேருந்து பத்தாயிரம் கூட ஆகும். ஒரு வருஷத்துக்கு இது மட்டும் லட்சத்தைத் தொடுது, பாதி பேர் ஃபீஸை மட்டும் பாத்துட்டு இதுல மாட்டுறாங்க.

சேர்றதுக்கு முந்தியே லேப்டாப், இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட இணைக்கிற பெட்டி), மானிட்டர் ஸ்பீக்கர்னு லட்ச ரூபாய்க்கு வாங்கிக் குவிக்காதீங்க. ஒரு நல்ல மூடின ஹெட்போன் வாங்குங்க, போதும். சாஃப்ட்வேருக்கு புரோ டூல்ஸ் இன்ட்ரோ இலவசம், எட்டு ஆடியோ டிராக் வரைக்கும் வேலை செய்யும், ரீப்பர்னு இன்னொரு சாஃப்ட்வேரை 60 நாள் முழுசா பயன்படுத்திப் பாத்துட்டு வாங்கலாம். கண்டென்சர் மைக் வாங்கியே ஆகணும்னா, நம்ம ஊர் ஈரத்துல அதை ஸ்டாண்டுலயே விட்டு வைக்காதீங்க, ஜூன் ஜூலையில பூட்டின ரூம்ல செருப்பே பூஞ்சை பிடிக்குது, மைக் டயாஃப்ரமும் ஈரம் இழுத்து படபடன்னு சத்தம் குடுக்க ஆரம்பிக்கும். காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், பாக்கெட் கலர் மாறினா மாத்திடணும்.

8. எப்போ என்ன பண்ணணும்

கடைசி செமஸ்டர் ஆரம்பிக்கும்போதே தேட ஆரம்பிச்சுடுங்க. புனே, கொல்கத்தா அறிவிப்பு எந்த மாசம் வரும்னு வருஷத்துக்கு வருஷம் மாறுது, அவங்க வெப்சைட்டை வாரம் ஒரு தடவை பாக்கிறதைப் பழக்கமாக்கிக்குங்க. தரமணி விண்ணப்பம் பொதுவா பிளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயத்தை ஒட்டி வரும். தனியார் அகாடமியில வருஷத்துக்கு ரெண்டு மூணு பேட்ச் போடுவாங்க, ஜூலையை விட்டா ஜனவரி.

சென்னைக்குப் பாக்கப் போறதுக்கு மேட்டுப்பாளையத்துலேருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வசதி, ராத்திரி ஏறினா காலையில சென்ட்ரல். ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி திறக்கும், ஏப்ரல், மே மாச சீசன் கூட்டத்துல கடைசி நேரத்துக்கு டிக்கெட் கிடைக்காது. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் பர்லியார் பக்கம் மண் சரிஞ்சு ரோடு அடைபட்டா கோத்தகிரி வழியா சுத்திக்கிட்டுத்தான் இறங்கணும், நுழைவுத் தேர்வோ நேர்காணலோ இருந்தா முந்தின நாளே கீழ இறங்கித் தங்கிடுங்க.

சினிமா பக்கம் போறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. கோர்ஸ் முடிச்ச உடனே பெரிய படத்துல பேர் வந்துடாது, ஃபெஃப்சிக்கு (சினிமாத் தொழிலாளர் சங்கங்களோட கூட்டமைப்பு) கீழ இருக்கிற சங்கத்துல கார்டு வேணும், அதுக்குன்னு கட்டணம் தனி, அது சின்னத் தொகையும் இல்ல. முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் உதவியாளரா நிக்கும்போது வர்ற காசு ஹாஸ்டல் வாடகைக்கே சரியா இருக்கும், வீட்டுல முன்கூட்டியே இதைப் பேசி வச்சுடுங்க, தேயிலை விலை இறங்கியிருக்கிற வருஷம்னா இன்னும் தெளிவாவே பேசிடுங்க.